மஞ்சுப் பாட்டுக்கு நூறு வயது சொன்னவன் எழுதுவது

மேகலா,

உன் சி.டி. அட்டைக்குள் போடுவதற்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் பெட்டி அடுக்கப் போய்விட்டாய். நாலு வரியில் அடங்குகிற ஆளா உன் சித்தப்பன்? ஜீப்பில் வருகிற டூரிஸ்ட்டுக்குத் தூண் பாறையைக் காட்டுவதற்கே முக்கால் மணி நேரம் பேசுகிறவன் நான். மஞ்சு இறங்கிப் பனிமூட்டத்தில் பாறையே தெரியாத நாளில் ஒரு மணி நேரம் பேசுவேன். நான் ஏழாவதுதான் படித்தேன் என்று உன் சித்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ஏழாவதை இரண்டு தடவை படித்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். வருசக் கணக்குப் பார்த்தால் எட்டாவது. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். நாளை மறுநாள் நீ சென்னைக்குப் பஸ் ஏறுகிறாய், உன் பெயர் போட்ட முதல் சி.டி.யைப் பாடிப் பதிவு செய்ய. முகத்துக்கு நேரே இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நீ சிரிப்பாய், உன் சித்தி நடுவில் புகுந்து திருத்துவாள். அதனால் எழுதுகிறேன். எவர் வேண்டுமானாலும் படிக்கட்டும். அட்டையில் இடம் போதாவிட்டால் அட்டையைப் பெரிதாக அடிக்கச் சொல்.

உன்னை நான் பெறவில்லை. உன் அப்பா, என் அண்ணன், உனக்கு நாலு வயசு ஆகும்போது உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் வேலைக்குப் போனார். "ஆறு மாசம் பாத்துக்கடா" என்றார். ஆறு மாதம் கழித்துக் கூட்டிப்போக வந்தபோது நீ என் ஜீப்பின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று சாதித்தாய். ஜீப்புக்காகத்தான் நின்றாய், என்னைப் பார்த்து இல்லை என்று உன் சித்தி இன்றைக்கும் சொல்வாள். இருக்கட்டும். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் தகப்பன் இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தக் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டர் அசந்து போய், இவ்வளவு அழகான கையெழுத்தை மாவட்டத்திலேயே பார்த்ததில்லை என்றார். சரி, தெளிவாக இருக்கிறது என்றார். ஏதோ ஒன்று சொன்னார்.

உனக்குக் கிட்டார் வந்த கதையை நீ பேட்டியில் சொல்லும்போது என்னை விட்டுவிடுகிறாய். இங்கிருந்து ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றபோது, ஒரு தகரப் பெட்டி வாங்கப்போன நான் அதையும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. நீ கேட்டாய். "அசல் கிட்டார்னா அஞ்சு கம்பிதான் பிள்ள, ஆறு கம்பி எல்லாம் டூப்ளிகேட்டு" என்றேன். நீ ஒரு வருடம் ஐந்து கம்பியிலேயே வாசித்தாய். காலேஜில் யாரோ சொல்லித்தான் ஆறாவது கம்பி போட்டாய். ஆனாலும் இன்றைக்கு வரை உன் விரல் அந்த ஆறாவது கம்பியைத் தாண்டித்தான் போகிறது, அதுதான் உன் வாசிப்பின் தனிக் களை என்று சென்னையில் ஒருத்தர் சொன்னாராமே! அந்தக் களையைக் கொடுத்தது யார்? நான் சொன்ன பொய். இதை நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தலை கனத்துப்போயிற்று. பொய்யால் ஒரு நல்லது நடந்துவிட்டால், அடுத்த பொய்க்குக் கை தானாக நீளும்.

பாட்டுக்கு வருகிறேன். குறிஞ்சி பூத்து மலையெல்லாம் நீலமாகக் கிடந்த வருசத்துக்கு அடுத்த வருசம் அது. நம் பேத்துப்பாறை பஸ் ஸ்டாப்பில் ஒரு காலை. வேலைக்குப் போகிற பொம்பளைகள் ஏழெட்டுப் பேர், காலேஜுக்குப் போகிற நீ, கையில் கிட்டார். மஞ்சு என்றால் அப்படி ஒரு மஞ்சு. பஸ் வரவில்லை. நானும் ஜெயசீலனும் ஜீப்பில் இருந்தோம். பஜாரில் முன்பக்கம் பிரவுசிங் சென்டரும் பின்பக்கம் வீடியோ ஸ்டுடியோவும் வைத்திருக்கிற அதே ஜெயசீலன்தான். ஒரு வீட்டு விசேஷம் எடுக்க வந்தவன், மஞ்சில் வழி தெரியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டான். நீ கடுப்பில் கிட்டாரைத் தட்ட ஆரம்பித்தாய். "மஞ்சே மஞ்சே வெலகி நில்லு, பேத்துப்பாறை பஸ்ஸு வரணும்." இரண்டு வரிதான். பொம்பளைகள் சிரித்தார்கள். "அடுத்து என்னடி?" என்றார்கள். நீ அடுத்த வரி சொன்னாய், அவர்கள் கை தட்டினார்கள். ஜெயசீலனை நான்தான் கேமராவோடு கீழே தள்ளினேன். பஸ் வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அன்றைக்கு எடுத்தது ஒத்திகை மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சுடிதார் போட்டு, அதே பஸ் ஸ்டாப்பில், அதே பொம்பளைகளை நிற்க வைத்துத் திரும்ப எடுத்தோம். அந்த இரண்டாவதைத்தான் உலகம் பார்த்தது.

உலகத்துக்கு அதைக் காட்டினது நான். இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எந்தக் கம்பெனியும் வரவில்லை, எந்த டி.வி.யும் வரவில்லை. வீடியோவை இன்டர்நெட்டில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஜெயசீலன் சொன்னதும் ஜீப்பைக் கொண்டுபோய் அவன் கடை வாசலில் நிறுத்தினேன். நம் ஊர் லைனில் அந்த மூன்று நிமிசப் பாட்டு ஏறுவதற்கு அரை நாள் ஆகும் என்றான். நடுவில் வேறு யாராவது மெயில் பார்த்தால் இன்னும் இழுக்கும். உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன செய்தேன்? "சார், மேடம், வாங்க, ஏரியைச் சுத்திக் காட்டுறேன், ஓசி" என்று நாலு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தால் புதிதாக மூன்று பேர். அவர்களையும் ஏற்றினேன். எண்பது விழுக்காடு ஏறியபோது கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஏரி. அன்றைக்கு அந்த ஏரியை நான் நாற்பது தடவை சுற்றினேன். சரி, ஆறு தடவை. கடைசியாக வந்த ஒரு அய்யா, "யப்பா, நான் டிக்கெட் புக் பண்ண வந்தேன்ப்பா, எனக்கு ஏரி வேணாம்ப்பா" என்று கெஞ்சினார். அவரையும் விடவில்லை.

ஏற்றினால் மட்டும் போதுமா? பார்க்க ஆள் வேண்டாமா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மஞ்சு மூடின நாளில் வியூ பாயின்ட்டுக்கு வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி எதிரே ஒன்றுமே தெரியாது. "இதைப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்பார்கள். அங்கே நான் ஜீப் ஸ்பீக்கரில் உன் பாட்டைப் போடுவேன். மஞ்சே மஞ்சே வெலகி நில்லு! நின்றுகொண்டிருந்த மஞ்சுக்கு நடுவிலே அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் ஒருத்தர்கூடச் சிரிக்காமல் போனதில்லை. போகும்போது வீடியோ இருக்கிற விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். இங்கிலீஸ் எழுத்தைப் படம் வரைகிற மாதிரி வரைவேன். ஒவ்வொரு சீட்டையும் ஊருக்குக் கொண்டுபோய் அவர்கள் பார்த்தார்கள், தெரிந்தவர்களுக்கும் காட்டினார்கள். பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதினார்கள். நீ ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாய். அந்தப் பழக்கத்தை விடாதே. பாட்டைக் கேட்டவர் ஒரு வரி எழுதினால், நீ இரண்டு வரி எழுது.

இனி நான் செய்த தப்பு. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன், ஏரியைச் சுற்றின மாதிரி.

வீடியோவுக்குக் கீழே போட நீ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாய். "எழுதி, மெட்டமைத்து, பாடியவர்: மேகலா." அவ்வளவுதான். ஜெயசீலன் அதை அடிக்கப் போகும்போது நான் தடுத்தேன். "யோவ், மேகலான்னா யாருக்குய்யா தெரியும்? நூறு வருசப் பாட்டுன்னு போடு. பாரம்பரியம்னு போடு." அவன் தயங்கினான். "பாட்டுல பஸ்ஸு வருதேண்ணே" என்றான். "நூறு வருசத்துக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் நம்ம மலைக்கு பஸ் விட்டுட்டான், போடுய்யா" என்றேன். போட்டுவிட்டான். பழனி மலைத்தொடரின் நூறாண்டுப் பாரம்பரியப் பாடல். ஜீப் ஓட்டுகிற எங்களுக்கு அது பழகிப்போன வாய். மரத்தைக் காட்டினால் முந்நூறு வருசம், கல்லைக் காட்டினால் பாண்டியர் காலம். வயசு சொன்னால்தான் வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. உன் சித்திக்குக்கூட நான் சொன்னதில்லை. நாங்கள் சிலோனில் கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் முதல் நாளே கேட்டான், "உனக்கு எந்த ஊருடா?" அங்கே இருந்தபோது இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் என்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா இந்த மலையில குறிஞ்சி நட்டவரு" என்றேன். அவன் நம்பினான். மத்தியானம் அவன் கொய்யாப் பழத்தில் பாதி எனக்குக் கொடுத்தான். அன்றையிலிருந்து எனக்கு இல்லாத வயசை எல்லாம் இந்த மலையிடம் கடன் வாங்கிப் பழகிவிட்டேன். உன் பாட்டுக்கு நூறு வருசம் போட்டபோது உனக்கும் ஒரு நூறு வருசம் சேர்த்து வைப்பதாகத்தான் நினைத்தேன் மகளே. உன்னிடமிருந்து எடுக்கிறேன் என்று தெரியவில்லை.

நீ பரீட்சை முடித்து வந்து அதைப் படித்தாய். திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாய். "அப்ப நான் எங்க சித்தப்பா?"

நான் சிரித்தேன். "நீதான் வீடியோவிலயே நிக்கிறியே பிள்ள!" என்றேன், எழுதினதை மாற்றவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் இப்போதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறேழு மாதம் கழித்துச் சென்னைக் குழு ஒன்று உன் பாட்டைத் தங்கள் சி.டி.யில் போட்டார்கள். நல்ல வாத்தியம், நல்ல குரல். பேத்துப்பாறை பஸ்ஸு போய், "மாமன் மாட்டு வண்டி வரணும்" என்று ஆகியிருந்தது. மாட்டு வண்டியாம்! நம் வளைவில் மாட்டு வண்டி ஏறினால் மாட்டை நாம்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நீ அவர்களுக்கு எழுதினாய். மரியாதையாகத்தான் பதில் வந்தது. பாரம்பரியப் பாடலுக்கு உரிமையாளர் கிடையாது, பழைய பாட்டில் பஸ்ஸைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்திருப்பார்கள், நூறாண்டுப் பாடல் என்று உங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்களே என்றார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம்? நான் காட்டிய கல்லைப் பாண்டியர் காலம் என்று நம்பிப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

அதன் பிறகு நீ கிட்டாரைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாய். புதுப் பாட்டு ஒன்று பாதியில் நின்றது. எவராவது பாட்டைக் கேட்டு எழுதினால் பதில் எழுதுவதையும் நிறுத்தினாய். என்னோடு எட்டு நாள் பேசவில்லை. வெளியில் நான் ஒரு மாதம் என்று சொல்வேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒன்பதாவது நாள் உன் சித்தி கேரட் தோட்டத்து மண் காயாத கையோடு என் முன்னால் வந்து நின்றாள். "ஊருல உள்ள கல்லுக்கெல்லாம் வயசு சொன்ன வாயி. கடைசியில பெத்த மாதிரி வளத்த புள்ள வாயை அடச்சுப்புட்டீங்களே. இப்ப எங்க, அந்த வாயி?" என்றாள்.

அப்போதுதான் அந்த முதல் டேப் ஞாபகம் வந்தது. ஒத்திகை டேப். நேரே ஜெயசீலன் கடைக்கு ஓடினேன். அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, டேப்பை எல்லாம் திரும்பத் திரும்ப யூஸ் பண்றதுதானேண்ணே. அது மேல வேற விசேஷம் எடுத்திருப்பேனே" என்றான். மேசை டிராயரைத் திறந்தான். முப்பது டேப் கிடந்தது. காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு மூன்று நாள் அங்கே உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் உன் சித்தியும் வேலைக்குப் போகாமல் வந்துவிட்டாள். பூம்பாறையில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு செய்த டேப் ஓடிக்கொண்டிருந்தது. சீர்த்தட்டு, சீர்த்தட்டு, சீர்த்தட்டு. முக்கால் மணி நேரம் சீர்த்தட்டு. ஜெயசீலன் நிறுத்தப் போனான். "இருப்பா, தாய்மாமன் என்ன போட்டான்னு பாத்துக்கிறேன்" என்று உன் சித்தி தடுத்தாள். தாய்மாமன் செயின் போட்டான். திரை நீலமாகிவிட்டது. அடுத்த நொடி வெள்ளையானது. மஞ்சு.

மஞ்சுக்குள்ளே என் குரல். "இந்தா பாருங்க, கேளுங்க! எங்க பிள்ள மேகலா இப்ப, இந்த நிமிசம், பஸ்ஸு வராத கோவத்துல கட்டுற பாட்டு! இதுக்கு முன்னாடி உலகத்துல எவனும் பாடாத பாட்டு!" திரையின் மூலையில் தேதி. அடுத்து உன் குரல். "வழிவிடுன்னு மாத்தவா, வெலகி நில்லுன்னே வைக்கவா?" ஒரு பொம்பளை கத்துகிறாள், "வெலகி நில்லுன்னு வையி பிள்ள, அதான் அதட்டலா இருக்கு!" ஜெயசீலன் உனக்குப் போன் போட்டான். நீ வந்து வாசலிலேயே நின்றாய். உள்ளே வரவில்லை. திரையில் நீ வரியை மாற்றி மாற்றிப் பாடிப் பார்ப்பதை வாசலில் நின்றே பார்த்தாய். உன் வாய் அசைந்தது. எட்டு நாளும் மூன்று நாளும் சேர்ந்து பதினோரு நாள் கழித்து உன் வாயில் அந்தப் பாட்டு. அதை நான் பார்த்தேன்.

"டேப்பை மட்டும் இன்டர்நெட்டுல ஏத்தினாப் போதும் சித்தப்பா. நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றாய். நீ எனக்காகச் சொன்னாய் என்று தெரியும். நான் பொய் சொன்னேன் என்று இன்டர்நெட்டில் போட்டால் ஜீப் ஸ்டாண்டில் எவன் என்னை நம்புவான், எந்த டூரிஸ்ட் என் வண்டியில் ஏறுவான் என்று நீ யோசித்தாய். ஆனால் டேப்பை மட்டும் காட்டினால் அந்த நூறு வருசம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. வந்தது என் வாயிலிருந்து. அந்த வாய்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஜெயசீலன் கேமராவை ஓட்டினான். "வணக்கம். இந்த மலையின் தலைமை வழிகாட்டியான நான்..." என்று ஆரம்பித்தேன். உன் சித்தி பின்னாலிருந்து, "ஏங்க, பொய்ய ஒத்துக்கிட வந்த எடத்துலயும் பொய்யா?" என்றாள். இரண்டாவது தடவை, மூன்று லட்சம் பேர் பார்த்த பாட்டு என்று சொல்லிவிட்டேன். நீயே "சித்தப்பா!" என்று அதட்டினாய். மூன்றாவது தடவை சொன்னேன். "இந்தப் பாட்டுக்கு நூறு வயசு இல்லைங்க. பஸ் வராத ஒரு காலையில பொறந்துச்சு. கட்டுனது எங்க பிள்ள மேகலா. நூறு வருசம்னு சொன்னது நான். அது பொய்யிங்க." அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது. அதற்குப் பின்னால் டேப்பை ஒட்டி ஏற்றினோம். அன்றைக்கும் ஏரிக்கு நாலு வண்டி ஆள் ஏற்றினேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். என்றாலும் எழுதுவேன், ஏனென்றால் எழுத எழுத இனிக்கிறது. உன் பாட்டைவிட என் பொய்யை ஒத்துக்கொண்ட வீடியோவைத்தான் கூடுதல் பேர் பார்த்தார்கள். இதைக் கூட்டிச் சொல்லவில்லை, ஜெயசீலனைக் கேள். ஜீப் ஸ்டாண்டில் முதல் வாரம், "ஏலே, நூறு வருசம் வாராருடா, வழி விடு" என்றார்கள். இரண்டாவது வாரம் மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஸ்டாண்டில் இறங்கி, "பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட ஜீப்காரர் யாருங்க? அவர் வண்டியிலதான் போவோம்" என்றது. சிரித்தவன் எல்லாம் வாயை மூடிக்கொண்டான். சென்னைக் குழுவிலிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், உன் பெயரைப் போட்டார்கள், மேடையில் அவர்களோடு பாடக் கூப்பிட்டார்கள். நீ ஒரு நிபந்தனை போட்டாய். மாட்டு வண்டி இறங்கணும், பஸ் ஏறணும். அந்த மேடையில் ஆயிரம் பேர் சேர்ந்து பேத்துப்பாறை பஸ்ஸைக் கூப்பிட்டார்களே, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த உன் சித்தி, வராத பஸ்ஸுக்கு ஏன் கண்ணைத் துடைத்தாள் என்று இன்னும் சொல்லவில்லை.

சென்னையில் உன்னை எந்த ஊர் என்று கேட்பார்கள். பேத்துப்பாறை என்று சொல். அதற்கு மேல் வயசு எதுவும் கூட்டாதே. நீ நேற்று வந்தவளாகவே இரு. உன் பாட்டு இன்று காலையில் பிறந்ததாகவே இருக்கட்டும். யார் மைக்கை நீட்டினாலும் முதலில் உன் பெயர், அப்புறம் பாட்டு. ஒத்திகை டேப்பை அழிக்காதே.

இனி நீ கேட்ட நாலு வரி. அச்சுக்குப் போகட்டும்.

இதில் இருக்கிற எட்டுப் பாட்டையும் கட்டியது எங்கள் மகள் மேகலா.
முதல் பாட்டு பேத்துப்பாறையில், பஸ் வராத ஒரு காலையில் பிறந்தது.
அது பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.
இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

எழுதி முடித்து உன் சித்தியிடம் படித்துக் காட்டினேன். அவள் கேரட் சீவிக்கொண்டே கேட்டாள். மூன்றாவது வரியில் கையை நிறுத்தினாள்.

"நின்னீங்களா? குளிருதுன்னு ஜீப்புக்குள்ளல்ல உக்காந்திருந்தீங்க."

மூன்றாவது வரியை மாற்றிவிடு மகளே. அது பிறந்தபோது நான் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கிக் கேட்டேன்.

உன் சித்தப்பா